ஒரு சட்டி சூப்பும் ஒரு சமூகத்தின் பெயரும்



இம்மாதம் நாம் எட்டிப் பார்க்கவிருக்கும் அடுப்பங்கரை ஐரோப்பாவின் தென்கிழக்கு மூலையில், பல்கேரியா நாட்டில் இருக்கின்றது. வடக்கே டான்யூப் நதி, கிழக்கே கருங்கடல், தெற்கே கிரேக்கமும் துருக்கியும் எல்லைகளாக அமைந்த மலைநாடு அது. குளிர்காலத்தில் பனி கொட்டும். அந்த நாட்களில் அங்குள்ள வீடுகளில் அடிக்கடி அடுப்பேறும் உணவு ஒன்று உண்டு. அதன் பெயர் 'பொப் சொர்பா'. ('அச்சம்' என்ற சொல்லில் 'ச்ச' ஒலிப்பது போல 'சொர்பா'வின் முதலெழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்.) காய்ந்த போஞ்சி விதையை ஆறுதலாக அவித்து, வெங்காயம், கரட், மிளகாய், தக்காளி, புதினா சேர்த்து இறக்கும் சூப் அது. விவசாயி வீட்டிலும், இராணுவ முகாமிலும், தொழிற்சாலைச் சாப்பாட்டுச் சாலையிலும், கிறிஸ்தவ மடங்களிலும், முஸ்லிம் கிராமங்களிலும் அதே சூப்தான்.

செலவு குறைந்த, சத்து மிகுந்த உணவு என்பதால் அதன் செய்முறையை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அத்துடன் அந்தச் சட்டியோடு ஒட்டிய ஒரு வரலாறும் இருக்கின்றது. அதையும் நாம் அறிந்துகொள்வது அவசியம்.

பெயரில் இருக்கும் உறவு

'சொர்பா' என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்களுக்கு 'ஷோர்பா' நினைவுக்கு வந்திருக்கும். அந்த எண்ணம் சரியானதே. பாரசீக மொழியில் 'ஷோர்' என்றால் உப்பு. 'பா' என்பது கஞ்சி, குழம்பு போன்ற நீர்த்த உணவைக் குறிக்கும். அங்கிருந்து புறப்பட்ட 'ஷோர்பா' கிழக்கே இந்தியாவுக்கும், தெற்கே அரபு நாடுகளுக்கும், மேற்கே துருக்கிக்கும் போனது. துருக்கியர் அதை 'சொர்பா' ஆக்கினர். உஸ்மானியர் பல்கேரியாவை 14 ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு 1878 வரை ஆண்டனர். அந்தக் காலத்தில் இந்தச் சொல் பல்கேரிய மொழியிலும் குடியேறி, அந்நாட்டவரின் சொந்தச் சொல்லாகவே ஆகிவிட்டது.

'பொப்' என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. பழைய காலத்தில் அது அரபு நாடுகளில் 'ஃபூல்' எனப்படும் பெரிய அவரையையே குறித்தது. நாம் பேசும் போஞ்சி அப்போது ஐரோப்பாவில் இருக்கவில்லை. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492 இல் கொலம்பஸ் கடல் கடந்த பின்னரே அது ஐரோப்பாவுக்கு வந்தது. உஸ்மானியர் ஆட்சிக் காலத்தில் பல்கேரியாவையும் அடைந்து, பழைய அவரையின் பெயரைத் தனதாக்கிக் கொண்டது. மிளகாயும் தக்காளியும் அதே கண்டத்திலிருந்து வந்தவைதான். போஞ்சி விதைக்குப் பல்கேரியாவில் 'ஃபசுல்' என்று இன்னொரு பெயரும் உண்டு. துருக்கியில் அது 'ஃபசூல்யே', அரபியில் 'ஃபாஸூலியா'. மூன்றும் ஒரே குடும்பத்துப் பெயர்கள்.

நாம் பச்சைக் காயாக நறுக்கிப் பால்கறி வைக்கும் போஞ்சியும் இதே இனச் செடிதான். காயை முற்றவிட்டு, உலர்த்தி, விதையை எடுத்தால் அதுவே சூப்புக்குரிய விதை. தகரத்தில் அடைத்துத் தக்காளிச் சோஸுடன் வரும் 'பேக்ட் பீன்ஸ்' இதுவே. 'போஞ்சி' என்ற சொல்லையும் ஒல்லாந்தரே தமது மொழியிலிருந்து நமக்கு விட்டுச் சென்றனர்.

தேவையான பொருட்கள் (6 பேருக்கு)

காய்ந்த வெள்ளைப் போஞ்சி விதை – 400 கிராம்
பெரிய வெங்காயம் – 2
கரட் – 2
செலரித் தண்டு – 1
கறிமிளகாய் – 2
செத்தல் மிளகாய் – 2 (முழுதாக)
நன்கு பழுத்த தக்காளி – 2
சூரியகாந்தி எண்ணெய் – 4 மேசைக்கரண்டி
கோதுமை மா – 1 மேசைக்கரண்டி
பப்ரிகா தூள் – 2 தேக்கரண்டி
புதினா இலை – ஒரு கைப்பிடி (உலர்ந்ததாயின் 1 மேசைக்கரண்டி)
உப்பு – அளவாக

பப்ரிகா என்பது உறைப்புக் குறைந்த சிவப்பு மிளகாயின் தூள். நிறத்துக்கும் இனிய மணத்துக்கும் அதைச் சேர்ப்பார்கள். அது கிடைக்காவிட்டால் நமது மிளகாய்த்தூளில் அரைத் தேக்கரண்டி போதும். தேங்காயெண்ணெயின் மணம் இந்தச் சூப்பின் மணத்தை மூடிவிடும். ஆகவே மணம் குறைந்த எண்ணெயே ஏற்றது.

புதினாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். பல்கேரியர் அதை 'ஜோஜென்' என்பார்கள். கிரேக்கர், சேர்பியர், துருக்கியர் என அயலிலுள்ள எல்லோரும் போஞ்சி விதையை அவித்து உண்கின்றனர். பல்கேரியச் சட்டியை வேறுபடுத்திக் காட்டுவது பெரும்பாலும் இந்தப் புதினா மணம்தான். 'சுப்ரித்ஸா' என்ற இன்னொரு மூலிகையையும் அங்கே தூவுவார்கள். அது நமது கடைகளில் அரிது. அதற்குப் பதிலாக உலர்ந்த தைம் இலை சிறிதளவு போடலாம். போடாவிட்டாலும் குறையில்லை.

செய்முறை

முதல் நாள் இரவே விதையில் கல், சொத்தை நீக்கிக் கழுவி, நிறையத் தண்ணீரில் ஊறவிடுங்கள். எட்டு மணித்தியாலமாவது ஊற வேண்டும். விதை ஏறக்குறைய இரு மடங்காகப் பருக்கும் என்பதால் பெரிய பாத்திரமாகப் பார்த்து எடுங்கள். நமது வெப்பத்தில் ஊறும் தண்ணீர் புளித்துவிடக் கூடும். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் அதில் வையுங்கள். இல்லாவிட்டால் இடையில் ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள்.

காலையில் ஊறிய தண்ணீரை முழுவதும் ஊற்றிவிடுங்கள். புதுத் தண்ணீர் வைத்து, விதையைப் போட்டுப் பலமாகக் கொதிக்கவிடுங்கள். கொதி வந்த பின் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும். அந்தத் தண்ணீரையும் வடித்துவிட்டு, இரண்டு லீட்டர் அளவு கொதிநீர் புதிதாகச் சேருங்கள்.

இப்போது ஒரு வெங்காயம், கரட், செலரி ஆகியவற்றைச் சிறிதாக வெட்டிப் போட்டு, செத்தல் மிளகாயை முழுதாக இடுங்கள். மூடியைச் சற்றுத் திறந்து வைத்து, மெல்லிய நெருப்பில் ஒரு மணித்தியாலம் முதல் ஒன்றரை மணித்தியாலம் வரை அவியவிடுங்கள். தண்ணீர் வற்றினால் சுடுநீரையே சேருங்கள்.

விதை நன்கு மெதுமையான பிறகே தக்காளியைச் சேர்க்க வேண்டும். தக்காளியின் புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் விதையின் தோல் இறுகிவிடும். பிறகு எவ்வளவு நேரம் அவித்தாலும் விதை நறுக்கென்றே இருக்கும். கிணற்றுத் தண்ணீர் கல்நீராக உள்ள ஊர்களிலும் விதை அவியத் தாமதமாகும். அங்குள்ள சகோதரிகள் வேறு நல்ல தண்ணீரைப் பயன்படுத்துவது நல்லது. ஒரு விதையை எடுத்து விரல்களுக்கிடையில் நசுக்கிப் பாருங்கள். மாவாக நசிந்தால் தக்காளியையும் கறிமிளகாயையும் வெட்டிப் போட்டு, இன்னும் கால் மணித்தியாலம் கொதிக்கவிடுங்கள்.

இறுதியில் தாளிப்பு. பல்கேரியர் இதனை 'ஸப்ரஷ்கா' என்பர். ஒரு தாச்சியில் எண்ணெயைச் சூடாக்கி, மற்ற வெங்காயத்தைப் பொடியாக வெட்டிப் பொன்னிறமாக வதக்குங்கள். மாவைத் தூவி ஒரு நிமிடம் கிளறுங்கள். தாச்சியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே பப்ரிகா தூளைப் போடுங்கள். நெருப்பின் மேல் போட்டால் அது கருகிக் கைத்துவிடும். சூப்பிலிருந்து ஒரு அகப்பை எடுத்து அதில் ஊற்றிக் கரைத்து, எல்லாவற்றையும் சட்டியில் சேருங்கள். உப்பும் புதினாவும் இட்டுப் பத்து நிமிடம் கொதித்ததும் இறக்கிவிடுங்கள்.

உடனே பரிமாற அவசரப்பட வேண்டாம். அரை மணித்தியாலம் மூடி வைத்தால் சாறு தடித்து, மணம் விதைக்குள் இறங்கும். மறுநாள் சூடாக்கி உண்ணும்போது சுவை இன்னும் கூடும். அங்கே இதைப் பாணுடனும், பச்சை வெங்காயத் துண்டுடனும், வினாகிரியில் ஊறிய மிளகாயுடனும் உண்பார்கள். துருக்கியர் போஞ்சி விதையைச் சற்றுத் தடிப்பாக அவித்துச் சோற்றுடன் உண்பர். நமது வீடுகளுக்கு அதுவும் பொருந்தும்.

சட்டியை வைக்கும்போதே தண்ணீரைச் சற்றுக் கூட்டி வையுங்கள். குழம்பில் தண்ணீரை அதிகமாக்கி அயலவரைக் கவனிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்குச் சொன்ன உபதேசத்தை நீங்கள் அறிவீர்கள். அதற்கு இதைவிடத் தோதான உணவு எது?

அவதானிக்க வேண்டியவை

முதலாவது: அரைவேக்காட்டுப் போஞ்சி விதை உடம்புக்கு ஆகாது. இந்த விதையில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் இருக்கின்றது. சிவப்பு விதையில் அது மிக அதிகம், வெள்ளையில் குறைவு. பச்சையாக நான்கைந்து சிவப்பு விதை வயிற்றினுள் போனாலே மூன்று மணித்தியாலத்துக்குள் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் வரக்கூடும். ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டு, பத்து நிமிடமாவது பலமாகக் கொதிக்க வைத்தால் அந்த நச்சு அழிந்துவிடும். கொதி வராமல் இளஞ்சூட்டில் மட்டும் நெடுநேரம் கிடந்தால் நச்சின் வேகம் கூடுமே தவிரக் குறையாது. மெல்லிய சூட்டில் சமைக்கும் மின்சாரப் பாத்திரங்களை வைத்திருப்போர் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். முதலில் அடுப்பில் பலமாகக் கொதிக்க வைத்த பின்னரே விதையை அந்தப் பாத்திரத்தில் இடுங்கள். பிரஷர் குக்கரில் செய்வோர் ஊறவைத்து, ஒரு தடவை கொதிக்க வைத்து வடித்துவிட்டு, இருபது நிமிடம் அளவில் அவிக்கலாம். நுரை பொங்கும் என்பதால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது.

இரண்டாவது: வாயுத் தொல்லைக்குப் பயந்து பலர் இந்த உணவை ஒதுக்குகின்றனர். அதற்குக் காரணமான சீனிச் சத்துக்களில் ஒரு பகுதி ஊறும் தண்ணீரிலும் முதல் அவியல் தண்ணீரிலும் கரைந்துவிடும். அவ்விரண்டையும் ஊற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாகும். பழக்கமில்லாதோர் முதலில் சிறிய கோப்பையுடன் தொடங்குங்கள்.

மூன்றாவது: இறைச்சி, மீன் வாங்க வசதிப்படாத நாட்களில் இது கை கொடுக்கும். 100 கிராம் காய்ந்த விதையில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கின்றது. இரும்புச் சத்தும் நார்ச் சத்தும் நிறைய உண்டு. ஆனால், தாவர உணவிலுள்ள இரும்பை உடம்பு இலேசில் ஏற்பதில்லை. பரிமாறும்போது சிறிது தேசிக்காய்ப் புளி விட்டால் அது இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீரோ அதைத் தடுக்கும். இரத்தக் குறைவுள்ள பெண்களும், கர்ப்பிணிகளும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேநீர் அருந்துவது நல்லது.

நான்காவது: பல்கேரியாவின் கிறிஸ்தவ வீடுகளில் நோன்பு நாட்களிலும், நத்தாருக்கு முந்திய இரவிலும் இந்தச் சூப்பை இறைச்சியின்றியே சமைப்பார்கள். மற்ற நாட்களில் புகையில் வாட்டிய பன்றி இறைச்சியோ தொத்திறைச்சியோ சேர்ப்பதும் உண்டு. அந்தப் பக்கம் கல்வி, தொழில் நிமித்தம் செல்லும் நம் பிள்ளைகள் உணவகங்களில் விசாரித்த பின்பே வாங்க வேண்டும். 'பெஸ் மெஸோ' என்றால் 'இறைச்சி இல்லாமல்' என்று பொருள். வீட்டில் செய்யும்போது ஆட்டிறைச்சியோ மாட்டிறைச்சியோ சேர்க்கத் தடையில்லை. சூப் கட்டி பாவிப்போர் அதன் உறையிலுள்ள விபரத்தை வாசித்துப் பாருங்கள்.

ரொடொப்பி மலையின் விதை

பல்கேரியாவின் தெற்கே, கிரேக்க எல்லையோரம் ரொடொப்பி மலைத்தொடர் நீண்டு கிடக்கின்றது. அங்கே அர்தா நதிப் பள்ளத்தாக்கில் ஸ்மிலியான் என்றொரு கிராமம் உண்டு. நாடெங்கும் பேர்பெற்ற போஞ்சி விதை அங்குதான் விளைகின்றது. அதில் இரண்டு வகை. கோடு விழுந்த சிறிய விதை சூப்புக்கு உரியது. பெரிய விதையை அவித்துச் சலாதுக்குப் பாவிப்பர். குளிர்ந்த மலைக்காற்றிலே வளரும் இந்த விதையைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தாமே தெரிந்தெடுத்து, அடுத்த விதைப்புக்குப் பாதுகாத்து வந்திருக்கின்றன.

அந்தக் கிராமத்தில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அயலவர்களாக வாழ்கின்றனர். ரொடொப்பி முஸ்லிம்களில் பலர் 'பொமாக்' எனப்படுவர். அவர்களது தாய்மொழி பல்கேரிய மொழியே. இவர்களைத் தவிர கர்ஜலி பிரதேசத்திலும் நாட்டின் வடகிழக்கிலும் துருக்கி மொழி பேசும் முஸ்லிம்கள் பெருமளவில் வாழ்கின்றனர். பல்கேரிய மக்களில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள்.

பெயரைப் பறித்த காலம்

இரண்டாம் உலகப் போரின் பின் பல்கேரியா கம்யூனிஸ்ட் ஆட்சியின் கீழ் வந்தது. அந்த ஆட்சி முஸ்லிம்களின் பெயர்களில் கை வைத்தது. 1970 களின் முற்பகுதியில் பொமாக் மக்களின் முஸ்லிம் பெயர்கள் பலாத்காரமாக மாற்றப்பட்டன. 1984 டிசம்பர் தொடக்கம் 1985 இன் ஆரம்ப மாதங்கள் வரை துருக்கிய முஸ்லிம்களின் முறை வந்தது. பொலிஸாரும் இராணுவத்தினரும் கிராமங்களைச் சுற்றி வளைத்தனர். முஹம்மதும், ஆயிஷாவும், ஹஸனும் இனி அந்தப் பெயர்களில் இருக்கக் கூடாது, பல்கேரியப் பெயர் ஒன்றை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும் என்று உத்தரவு. பொது இடத்தில் துருக்கி மொழி பேசத் தடை, ஆண் குழந்தைகளுக்குக் கத்னா செய்யத் தடை. இறந்தவர்களின் மீஸான் கற்களிலிருந்த பெயர்களையும் விட்டுவைக்கவில்லை.

1984 டிசம்பர் 26 ஆம் திகதி மொகில்யானெ என்ற கிராமத்தில் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதில் இரண்டு வயதும் நிரம்பாத துர்கான் என்ற பெண்குழந்தை உயிரிழந்தது. அங்கே அந்தக் குழந்தையின் பெயரால் ஒரு நீரூற்று அமைக்கப்பட்டுள்ளது.

நயீம் சுலைமானோக்லு என்ற பாரந்தூக்கும் வீரரின் கதை உலகம் அறிந்தது. பல்கேரியாவில் பிறந்த அவரது பெயரை அரசு 'நாவும் ஷலமானோவ்' என மாற்றியது. 1986 இல் மெல்பேர்ன் நகருக்குப் போட்டிக்குச் சென்ற அவர் அங்கிருந்து துருக்கியில் தஞ்சமடைந்தார். 1988 இல் சியோல் ஒலிம்பிக்கில் துருக்கியின் சார்பில், தனது துருக்கியப் பெயருடன் தங்கப் பதக்கம் வென்றார். 2017 இல் அவர் காலமானார்.

எல்லோரும் பாரந்தூக்கும் வீரர்களல்லர். 1989 கோடையில் எல்லை திறக்கப்பட்டபோது சில மாதங்களுக்குள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் துருக்கியை நோக்கிப் புறப்பட்டனர். அறுவடைக்கு நின்ற பயிரையும், ஆடு மாடுகளையும், வீடு வாசலையும் விட்டுச் சென்றனர். சுற்றுலாக் கடவுச்சீட்டில் சென்றதால் அந்தப் பரிதாப வெளியேற்றத்துக்குப் 'பெரும் உல்லாசப் பயணம்' என்ற பெயர் வழங்கலாயிற்று. அவர்களில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் பின்னர் திரும்பி வந்தனர்.

1989 நவம்பர் 10 ஆம் திகதி, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்சித் தலைமையில் இருந்த தொதோர் ஷிவ்கோவ் பதவியிழந்தார். 1990 மார்ச்சில் சொந்தப் பெயரைத் திரும்பப் பெறுவதற்குச் சட்டம் வந்தது. 2012 ஜனவரியில் பல்கேரியப் பாராளுமன்றமே அந்தக் கொடுமையைக் கண்டித்துப் பிரகடனம் நிறைவேற்றியது.

சகோதரிகளே, இங்கே ஒரு விடயத்தை எண்ணிப் பாருங்கள். அஹ்மதின் பெயரை மாற்றிய அதிகாரி அன்று பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவருக்கு முன்னால் வைக்கப்பட்டது என்ன? சொர்பாதான். சமைத்த பாத்திரம் 'தெஞ்ஜெரா', மண்சட்டி 'கியுவெச்', கோப்பி காய்ச்சும் கிண்ணம் 'ஜெஸ்வே'. யாவும் உஸ்மானியர் விட்டுச் சென்ற சொற்களே. எந்த மக்களின் மொழியைத் தெருவில் பேசக் கூடாது என்று தடுத்தார்களோ, அந்த மக்களின் சொற்களால்தான் தடுத்தவர்களின் அடுப்பங்கரையும் நிறைந்திருந்தது. அவற்றைப் பிடுங்கி எறிந்தால் அவர்களது சொந்தத் தாயின் பேச்சே குறைப்பட்டுப் போயிருக்கும். நீண்ட காலம் அயலவராய் வாழ்ந்த மக்களைப் பிரித்தெடுப்பது அவ்வளவு இலேசான காரியமல்ல.

வேறு மதத்தவரும் வேறு மொழியினரும் நமது வேலிக்கு அப்பால் வாழ்கின்ற நாட்டிலேயே நாமும் இருக்கின்றோம். நமது சட்டியில் அவர்களது சொல் இருக்கின்றது, அவர்களது சட்டியில் நமது சொல் இருக்கின்றது. இதை நமது பிள்ளைகள் சிறு வயதிலேயே அறிந்திருந்தால் பிறர் பெயரைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார்கள். தமது பெயரைச் சொல்லவும் கூச்சப்பட மாட்டார்கள்.

விடுமுறை நாளொன்றில் இந்தச் சூப்பைச் செய்து பாருங்கள். விதையைப் பொறுக்கவும் ஊறவைக்கவும் பிள்ளைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். சட்டி மெல்லக் கொதிக்கும் அந்த ஒன்றரை மணித்தியாலத்தில், தன் பெயருக்காகத் தாய்நாட்டையே விட்டு வந்த நயீமின் கதையையும் சின்னஞ்சிறு துர்கானின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். சூப் தயாரானதும் முதற் கோப்பையை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.